ஆழம் பார்க்கிற பெட்டி

ஆரூரனின் கடையில் ஒரு ஆணிகூட வாங்குவதில்லை என்று இராசலிங்கம் சபதம் எடுத்தது, அந்தக் கடையையோ ஆரூரனையோ கண்ணால் காண்பதற்கு முன்பே. காணாத ஆளில் இவ்வளவு கோபம் வருமா என்று கேட்பீர்கள். கட்டின மனுசி ஒரு பெருமூச்சு விட்டால் வரும்.

கொலோனில் ஒரு பெரிய வெதுப்பகத்தில் காலம் முழுக்க மாவோடு மல்லுக்கட்டிய இராசலிங்கம், ஓய்வுபெற்ற கையோடு ஒரு பழைய மோட்டார் படகு வாங்கினார். ஒருநாள் ரைன் ஆற்றில் கரையை அண்டி ஓட்டிக்கொண்டு போனபோது படகு மணலில் ஏறி அசையாமல் இருந்துவிட்டது. படகும் இருந்தது, அவரும் இருந்தார். சரக்குக் கப்பல்கள் போகிற போக்கில் ஊதிவிட்டுப் போயின. கடைசியில் தண்ணீர்ப் பொலிஸ் வந்து இழுத்துவிட்டது. இழுத்த பொலிஸ்காரர், முதலில் ஒரு எக்கோலோட் வாங்கிப் பூட்டுங்கள் என்று புத்தி சொன்னார். தண்ணீருக்கு அடியில் எவ்வளவு ஆழம், எங்கே மணல், எங்கே மீன் என்று திரையில் காட்டுகிற பெட்டி அது.

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னபோது குமுதினி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கென்ன, ஆரூரனிட்டை இருக்கும்" என்றாள்.

இராசலிங்கத்தின் காது நிமிர்ந்தது. கொலோனில் உள்ள ஆம்பிளைகள் எல்லாரும் குமுதினிக்கு அண்ணை. மரக்கறிக்கடைக்காரர் அண்ணை, சங்கத்துத் தலைவர் அண்ணை, கடிதம் கொண்டுவருகிற ஜெர்மன்காரர்கூட அவளுக்கு 'போஸ்ட் அண்ணை'. இந்த ஒருவன் மட்டும் வெறும் ஆரூரன்.

ஆர் அது என்று கேட்டார். துறைமுகத்துக்குப் பின்னால் படகுச் சாமான் கடை வைத்திருக்கிற ஆள் என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"அவையின்ரை குடும்பத்தை எனக்கு நல்லாத் தெரியும்."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

பலகையில் வெங்காயம் இருந்தது உண்மைதான். ஆனால் வயிறு எரிகிறவனுக்கு வெங்காயம் கண்ணில் படாது. அந்த ஒரு மூச்சை வைத்து இராசலிங்கம் ஒரு முழுநீளப் படமே எடுத்துவிட்டார். ஆரூரன் சைக்கிளில் வருகிறான். குமுதினி ரியூசன் கொட்டில் வாசலில் நிற்கிறாள். ஆரூரன் வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள். சாதகம் பொருந்தவில்லை. ஆரூரன் கடல் கடக்கிறான். காதலில் தோற்றவர்கள் தாடி வளர்ப்பார்கள், இந்தப் பாவி கடை வளர்த்திருக்கிறான். இடைவேளைக்குப் பிறகு தாலியோடு வருகிற வில்லன் யார் என்று பார்த்தால், அது இராசலிங்கம்.

"இஞ்சத்தைக் கடையளிலை கொள்ளை விலை" என்றார். "நான் வென்லோவிலை வாங்கப்போறன். ஹொலண்டிலை மலிவு."

வென்லோ, எல்லை தாண்டியதும் வருகிற ஊர். அங்கேதான் குமுதினியின் தங்கை சரளா இருக்கிறாள். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து, ஊன்றுகோலோடு வீட்டில் கிடந்தாள். சனிக்கிழமைகளில் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கோ என்று கேட்டுக் கேட்டுக் குமுதினி களைத்துப்போனாள். சட்டி பானையோடு ரயில் மாறி மாறிப் போக ஏலாது. இராசலிங்கம் மசியவில்லை. சரளாவின் புருசன், அதாவது அவருடைய சகலன், வாயைத் திறந்தால் தன் வீட்டுக் கூரையில் பூட்டிய சோலார் தகட்டைப் பற்றித்தான் பேசுவார். வெயில் மறைந்தாலும் நிறுத்தமாட்டார். அந்த ஆளுக்குப் பயந்தே, ரெலிபோன் இருக்குத்தானே என்று சொல்லி இராசலிங்கம் கதையை முடித்துவைத்திருந்தார்.

இப்போது அவரே வென்லோ என்கிறார். குமுதினி ஆச்சரியப்படவில்லை. அவ்வளவு தூரம் ஏன் அலையவேணும், ஆரூரனிட்டைக் குறைச்சு வாங்கலாமே என்று மட்டும் மெல்லச் சொன்னாள். அது போதும். சனிக்கிழமை விடிய வண்டி வெளிக்கிட்டது. துணைக்கென்று குமுதினியும் ஏறினாள். பின் சீற்றில் எலும்புச் சூப்பும் முருங்கையிலை வறையும் பெல்ட் போட்டுக்கொண்டு இருந்தன.

வென்லோக் கடை கோயில் மண்டபம் அளவு இருந்தது. விற்கிறவன் டச்சில் பேசினான், இராசலிங்கம் ஜெர்மனில் பேசினார், இரண்டு பேரும் ஆங்கிலத்தில் சந்தித்து அங்கேயே மூழ்கினார்கள். வரி ஜெர்மனியைவிடக் கூட என்று விலைத்துண்டு சொல்லிப் பார்த்தது. இராசலிங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருந்ததிலேயே பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். குமுதினி அதற்குள் தங்கைக்குத் தலை முழுக வைத்து, சமைத்து, சாப்பாடும் கொடுத்துவிட்டாள். அவளை ஏற்றப் போன இடத்தில் சகலன் அவரைப் பிடித்துக் கூரைக்குக் கீழே நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியை முடுக்கினால் எல்லாம் டச்சு. மொழி மாற்றுகிற இடமும் டச்சில்தான் இருந்தது. பக்கத்தில் ஆரையும் கேட்போமா என்று இராசலிங்கம் யோசிக்கத் தொடங்கிய நேரம் குமுதினி ஆரூரன் பேரைச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை வென்லோ. மொழியை மாற்றினால், படகின் அடியில் பூட்டுகிற சென்சரின் வயர் குட்டை. ஆரூரனிட்டை நீளமான வயர் இருக்கும் என்றாள். மறுபடியும் வென்லோ. பிறகு பெட்டியைத் தாங்குகிற தண்டு பொருந்தவில்லை. பிறகு திரைக்கு வெயில் மறைப்பு. அவர் சலித்துப்போகிற ஒவ்வொரு தடவையும், கைதேர்ந்த தாதி ஊசி போடுகிற மாதிரி, வலிக்காமல் அந்தப் பேரை ஏற்றிவிட்டாள். அவரும் வீறாப்போடு எல்லை தாண்டினார். சோலார் தகட்டில் அவருக்கு இப்போது ஓரளவு படிப்பும் வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை சரளா ஊன்றுகோல் இல்லாமல் படலை வரைக்கும் நடந்துவந்து கை காட்டினாள். குமுதினி வழி முழுக்கச் சிரித்த முகமாக வந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் வாயில் ஆரூரன் பேரே வரவில்லை.

பேரைச் சொன்னபோது எரிந்த வயிறு, சொல்லாதபோது இன்னும் எரிந்தது. சொல்லிக்கொண்டிருந்தவள் ஏன் நிறுத்தினாள். உள்ளுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாளா. இராசலிங்கத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், ஆள் ஆளுக்கு நேரே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். மீசைக்கு மை பூசினார். கலியாணவீட்டுச் சேர்ட்டைப் போட்டார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, வென்லோப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி ஆரூரன் கடைக்குள் நுழைந்தார்.

உள்ளே ஒரு இளம் ஆள், தலைமுடியைக் குடுமியாகக் கட்டி, காதில் கடுக்கன் போட்டு, ஏதோ வயரைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"முதலாளி ஆரூரனைக் கூப்பிடும்" என்றார் இராசலிங்கம்.

"நான்தான் மாமா. சொல்லுங்கோ."

இழுத்த வயிறு தானாக வெளியே வந்தது.

இவருக்குக் கலியாணம் நடந்தபோது இவன் பிறந்தே இருக்கமாட்டான். இவன் இங்கேயே பிறந்து, இங்கேயே ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பு முடித்து, போன வருசம்தான் கடை திறந்தவனாம். அதைவிட, எடுத்த எடுப்பில் 'மாமா' என்றுவிட்டான். அவன் பெட்டியில் ஒட்டியிருந்த வென்லோக் கடைப் பேரைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தான்.

"வென்லோப் பெட்டி. அப்ப நீங்கள் குமுதினி மாமியின்ரை ஆள்தானே? மாமி அப்பவே வந்து சொன்னவா, கொஞ்ச நாளைக்கு மாமா இஞ்சை வரமாட்டார், எல்லாம் அங்கைதான் வாங்குவார், குறை நினையாதையுங்கோ எண்டு. தங்கச்சியின்ரை முழங்கால் இப்ப சுகமோ மாமா?"

சுகம் என்று சொல்வதைத் தவிர இராசலிங்கத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. வந்தது வந்தாயிற்று என்று அவன் படகுக்கே கூட வந்து, சென்சரைத் தலைகீழாகப் பூட்டியிருக்கிறீர்கள் என்று திருப்பிப் பூட்டிவிட்டான். திரையில் ஆழம் துல்லியமாகத் தெரிந்தது. அது ஆற்றின் ஆழம். குமுதினியின் ஆழம் காட்டுகிற பெட்டி எந்தக் கடையிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து கத்தினார். குமுதினி தேத்தண்ணியை முன்னால் வைத்தாள். ஆரூரனின் தாயும் தானும் பள்ளிக்கூடக் கன்ரீனில் ஒன்றாக வேலை செய்வதாகவும், அந்தக் குடும்பத்தைத் தெரியும் என்று சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்றும் சொன்னாள். பெருமூச்சு விட்டது சரளாவை நினைத்து.

"நான் கதையை வளர்த்தது தெரிஞ்சும் ஏன் மறிக்கேல்லை?" என்றார்.

"மறிச்சிருந்தால் என்ரை தங்கச்சியை நான் பார்த்திருப்பனோ?" என்றாள். "அவள் எழும்ப ஏலாமல் கிடக்கேக்கை, ரெலிபோன் இருக்குத்தானே எண்டனீங்கள்."

அவள் சிரிக்கவில்லை. இராசலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் ஊறியது. அதை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை.

"அப்ப, உன்னைக் கேட்டு ஒருத்தரும் வரேல்லைத்தானே?"

குமுதினி அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினாள்.

"வராமலென்ன. ஒராள் வந்தவர். இப்ப ஹம்பேர்க்கிலை இருக்கிறாராம். பாவம், நல்ல மனுசன்."

இதுவும் ஏதோ சூழ்ச்சி என்று இராசலிங்கத்தின் மூளைக்குத் தெரிந்தது. ஆனால் மூளை இருக்கிற இடம் வேறு, எரிகிற இடம் வேறு. படகுக்கு ஒரு நல்ல நங்கூரம் வேணும் என்று சொன்னீங்கள், ஹம்பேர்க்கிலை பெரிய கடைகள் இருக்காம், பிறேமனிலை சின்னக் கடையள்தானாம் என்று குமுதினி சாதாரணமாகச் சொன்னாள்.

"ஹம்பேர்க் பக்கம் நான் தலைவைச்சும் படுக்கமாட்டன்" என்றார் இராசலிங்கம். "நங்கூரம் பிறேமனிலை வாங்கலாம்."

குமுதினி ரெலிபோனை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை.

"கலாதேவி அக்கா, இவ்வளவு நாளும் வா வா எண்டு கூப்பிட்டனீங்களெல்லே, சனிக்கிழமை உங்கடை வீட்டிலைதான் சாப்பாடு. ஓம், பிறேமனுக்கு அவரே கூட்டிக்கொண்டு வாறன் எண்டிட்டார்."