வெயிலில் கிடந்த புஷ்பராகம்

மனைவிக்குக் கல் பைத்தியம் பிடிக்கவைத்தே தீருவது என்று ஆர்டெல் ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் உட்கார்ந்தபடி முடிவெடுத்தார். அன்றைய பிரசங்கம் பொய்யைப் பற்றியது. அது அவர் காதில் விழவில்லை.

அறுபத்தேழு வயது. யூட்டாவில், டெல்டா ஊரில் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போனால் புஷ்பராகக் கல் கிடைக்கிற மலை இருக்கிறது. இருபத்தாறு வருஷமாகச் சனிக்கிழமை விடிந்தால் ஆர்டெலும் சிநேகிதர் வெல்டனும் அங்கேதான். நாள் முழுக்க இருவரும் இருபது வார்த்தை பேசினால் அதிகம். பக்கத்தில் இன்னொரு சுத்தியலின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அது போதும்.

ஜனவரியில் வெல்டன் இறந்துபோனார்.

அப்புறம் மூன்று சனிக்கிழமை ஆர்டெல் தனியாகப் போனார். ஓர் அடி அடிப்பார். எதிர்ப்பாறையில் பட்டுச் சத்தம் திரும்பி வரும். வெல்டன்தான் என்று தலையைத் திருப்புவார். மூன்றாவது வாரம் சாண்ட்விச்சைப் பாதி பிட்டுப் பக்கத்துப் பாறையின் மேல் வைத்துவிட்டு, யாருக்கு வைத்தோம் என்று உறைத்ததும், பதினொரு மணிக்கே வீடு திரும்பினார். என்ன சீக்கிரம் என்று மனைவி நெட்ரா கேட்டாள். மலையில் காற்று அதிகம் என்றார்.

'எனக்குத் தனியாக இருக்கிறது, நீ கூட வா' என்று மனைவியிடம் சொல்லியிருக்கலாம். ஆறே வார்த்தை. ஆனால் அவர்கள் வம்சத்திலேயே யாரும் அப்படிப் பேசியதில்லை. அவருடைய அப்பா தன் காதலைச் சொன்னதே, பெண் வீட்டு வாசலில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிவிட்டு வந்துதான்.

ஆகவே, சூழ்ச்சி. ஒன்பது வருஷத்துக்கு முன் பாறையை உடைத்து எடுத்த ஒரு கல், கட்டைவிரல் பருமன், நல்ல தேன் நிறம், பழைய காலுறைக்குள் பத்திரமாக இருந்தது. அதை மலையில் நெட்ராவின் கண்ணில் படும்படி போடுவது. அவள் எடுப்பாள். ஆசை பற்றிக்கொள்ளும். பிறகு வாராவாரம் தானாக வருவாள்.

மலையில் பூ பூத்திருக்கிறது என்று சொல்லி அழைத்துப்போனார். நெட்ரா மடக்கு நாற்காலியும் பின்னல் வேலையுமாக வந்து இறங்கினாள். ஆர்டெல் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று போய், சரிவில் சரளைக் கற்களின் மேல் புஷ்பராகத்தை வைத்துவிட்டு வந்தார். வெயிலில் அது தகதகவென்றிருந்தது. அவளை அங்கே நகர்த்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கொஞ்சம் காலாற நடக்கலாமே என்றார். கால் நன்றாக ஆறித்தான் இருக்கிறது என்றாள். அங்கே ஒரு ஓணான் இருக்கிறது என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். கடைசியில் தெரியாமல் பட்டதுபோல அவளுடைய நூல் உருண்டையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். அது சரிவில் உருண்டது. நெட்ரா எழுந்து பின்னாலேயே போனாள்.

குனிந்தவள் சட்டென்று நிமிரவில்லை. கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"இது சும்மா மேலயே கிடந்துது, ஆர்டெல்."

"அதிர்ஷ்டம்தான்."

"ஆமா, அதிர்ஷ்டம்தான்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமையும் வருவதாக அவளே சொன்னாள். ஆர்டெல் வீடு வரை பாடிக்கொண்டே வண்டியோட்டினார். அடுத்த வாரம் அவருடைய கையுறை அவள் கைக்குப் போனது. அதற்கடுத்த வாரம் நல்ல சுத்தியல் போனது. மே மாதம் பிறந்தபோது நெட்ரா பாறை உடைத்துக்கொண்டிருந்தாள். ஆர்டெல் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அவள் ஓயாமல் பேசினாள். பக்கத்து வீட்டு மெர்லீனின் முழங்கால் வலி, சர்ச் பாட்டுக் குழுவில் யாருக்கு யாரைக் கண்டால் ஆகாது, எல்லாம். அது அவருக்குப் பிடித்திருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முதல் நாளே அப்படியொரு கல்லைக் கண்டெடுத்த கண் உன் கண் என்று பாராட்டினார். நெட்ரா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த மலைக் கல்லு பாறைக்குள்ள இருக்கிறவரைக்கும்தான் தேன் நிறம். வெளிய விழுந்து வெயில்ல கிடந்தா வெளுத்துத் தண்ணி மாதிரி ஆயிடும். மேல கிடக்கிற கல்லுல நிறமே இருக்காது."

ஆர்டெலுக்குப் புரையேறியது. கல் தேடுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவருக்கும் தெரியும். சூழ்ச்சி செய்த மும்முரத்தில் மறந்துபோனது. இவளுக்கு எப்படித் தெரியும்? இந்த விஷயத்தில் அவளைக் கல்லாதவள் என்றல்லவா நினைத்திருந்தார்.

"உன் கல்லு புத்தகம் பூரா படிச்சாச்சு," என்றாள் நெட்ரா. "சனிக்கிழமையில இந்த வீட்டுல எனக்கு வேற யாரு இருந்தா?"

"தெரிஞ்சேவா வந்தே?"

"நீ கூப்பிடுவேன்னு இருபத்தாறு வருஷம் பார்த்தேன். கடைசியில ஒரு கல்லை அனுப்பிக் கூப்பிட்டே. சரி, அதுவாவது கூப்பிட்டுதேன்னு வந்தேன்."

அவள் கீழே வைத்த கரண்டியை ஆர்டெல் எடுத்து அவள் தட்டில் வைத்தார். நாளைக்கும் வருவாய்தானே என்று மெல்லக் கேட்டார்.

"போறேன். மெர்லீனைக் கூட்டிக்கிட்டு. நீ வீட்டுல இரு. ஒரே ஒரு சனிக்கிழமை இருந்து பாரு."

இருந்தார். சமையலறைக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டென்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. செய்தித்தாளை இரண்டு தடவை படித்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார், மூடினார். தெருவில் ஒரு வண்டிகூடப் போகவில்லை. மத்தியானம் கல் புத்தகம் ஒன்றைப் பிரித்தார். ஓரங்களில் பென்சிலால் நெட்ராவின் பொடி எழுத்து. ஒவ்வொரு குறிப்பின் கீழும் தேதி. எல்லாம் சனிக்கிழமைகள். ஒரு பக்கத்தில் கல்லைப் பற்றி எதுவும் இல்லை. 'மழை. இன்றைக்கும் இருட்டித்தான் வருவார் போல' என்று மட்டும் இருந்தது. ஆர்டெல் மேற்கொண்டு படிக்கவில்லை.

ஐந்து மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. அதற்குள் நாலு தடவை வாசலுக்குப் போய் வந்திருந்தார். உருளைக்கிழங்கு சுட்டு வைத்திருந்தார், கொஞ்சம் கருகல். நெட்ரா சிவந்த மூக்கும் தலை நிறையப் புழுதியுமாக உள்ளே வந்து மேஜைமேல் ஒரு கல்லை வைத்தாள். அடியில் பாறை ஒட்டியபடி, தேன் நிறத்தில், அவருடையதைவிட ஒரு சுற்றுப் பெரிது.

சொல்ல வேண்டியது ஏராளம் இருந்தது. கடிகாரத்தைப் பற்றி. அந்தப் பென்சில் எழுத்தைப் பற்றி. ஆர்டெல் வாயைத் திறந்தார்.

"எந்த இடத்துல கிடைச்சுது?"

நெட்ரா கல்லைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். உருளைக்கிழங்கில் கருகலை ஒதுக்கிவிட்டு ஒரு வாய் சாப்பிட்டாள்.

"அடுத்த வாரம் வேணும்னா கூட்டிக்கிட்டுப் போறேன்," என்றாள். "ஆனா கண்ணைக் கட்டித்தான்."