ஓமம் மணக்கிற டிஸ்க்

போன ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு சபதம் எடுத்தேன். வாயில் நுரை இருந்ததால் சத்தமாக எடுக்க முடியவில்லை. சபதம் இதுதான்: இன்னும் ஒரு மாசத்துக்குள் என் பெண்டாட்டியை என் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு முழுப் படம் பார்ப்பேன்.

இது ஒரு சபதமா என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு ஜெயக்கொடியைத் தெரியாது.

என் பெயர் பாண்டுரங்கன். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வேலை. விவசாயிகள் கொண்டுவந்து இறக்கும் நெல் மூட்டைகளுக்கு லாட் நம்பர் போடுவேன். ஒரு நாளைக்கு ஆயிரம் மூட்டைகளோடு பழகுகிறவன். மூட்டை எதுவும் பதில் பேசாது. சாயங்காலம் சிறுகடம்பூரில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஏறக்குறைய அதே நிலைமைதான்.

பையன் பிரசாந்த் பூனாவுக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. போவதற்கு முன்னால் ஹாலில் ஒரு பெரிய டிவியை மாட்டினான். அதற்குக் கீழே டிஸ்க் போட்டுப் படம் பார்க்கிற ப்ளூ-ரே பிளேயர் ஒன்றை வைத்தான். "நைனா, இதுல படம் பாத்தா நடிகன் மூஞ்சில இருக்கிற மச்சத்தை எண்ணலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். நான் எண்ண ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது?

இந்த வாரம் என்னென்ன படம் புதுசாக டிஸ்க்கில் வருகிறது என்று வாரா வாரம் போனில் ஒரு பட்டியல் வரும். அதைப் படிப்பதுதான் எனக்கு வாரத்தின் முதல் சந்தோஷம். எனக்கு இங்கிலீஷ் கொலைப் படம் என்றால் உயிர். சென்னையில் ஒரு கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் செவ்வாய்க்கிழமை கூரியரில் வந்துவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத்தான் பிரிப்பேன். புதுப்படம் என்றால் வெள்ளிக்கிழமைதான். அதில் நான் கொள்கைக்காரன்.

மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை நகத்தால் கீறிப் பெட்டியைத் திறந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள். லேசாக ஓமம் மாதிரி. ஆரம்பத்தில் அப்படி இல்லை. சில மாசமாகத்தான். வெளிநாட்டுக்காரன் தரத்தை உயர்த்திவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு உட்காருவேன். டிவிக்கு எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் நான். இன்னொன்றில் ரிமோட். படத்தில் நல்ல இடம் வந்தால் திரும்பி ரிமோட்டைப் பார்த்துத் தலையாட்டுவேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்கிறேன்.

ஆபீசில் பேசிப் பார்க்காமல் இல்லை. என் பக்கத்து மேஜை சிவசங்கரிடம் ஒருநாள் டிஸ்க்கைப் பற்றி ஆரம்பித்தேன்.

"அண்ணே, எல்லாம்தான் போன்லயே வருதே. தட்டு எதுக்கு?" என்றான்.

"போன்ல வர்றது படமாடா? அது நிழல்."

"பெரிய திரையில வர்றதும் நிழல்தாண்ணே."

நான் அடுத்த மூட்டைக்கு நம்பர் போடப் போனேன்.

ஜெயக்கொடி முதல் வாரத்தில் ஆசையாக வந்தவள்தான். அப்பளம் பொரித்த கையோடு டிஸ்க்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எண்ணெய்க் கையி! இன்னா சாமான்னு நெனச்ச? இனிமே இதுங்கிட்ட வராத!" என்று நான் கத்திவிட்டேன். டிஸ்க்கை வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் ஹால் பக்கம் வரவில்லை. நான் அன்றைக்கே அதை மறந்துவிட்டேன். கத்துகிறவனுக்கு ஞாபகசக்தி கம்மி.

சபதம் எடுத்த அன்று சாயங்காலம் சமையலறைக்குப் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஜெயக்கொடி, இன்னிக்கு ஒரு நல்ல படம் இருக்குது."

"இருக்கட்டும்."

"நீயும் வந்து உக்காரேன்."

"முட்டி வலிக்குது."

"நாற்காலிதான்."

"நாற்காலில உக்காந்தாதான் வலிக்குது."

"அப்ப படுத்துனு பாரு."

"படுத்தா தூக்கம் வருது."

"இன்னா படம்னுகூடக் கேக்க மாட்டியா?"

"கொலைப் படந்தானே. அந்தக் கெழவிதான் கொன்னுருப்பா. போங்க."

நான் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். கடைசிப் பத்து நிமிஷத்தில், ஊசிநூல் பையிலிருந்து கத்தியை எடுத்தாள் கிழவி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எப்பிடிச் சொன்ன?" என்று ஓடினேன்.

"மூஞ்சில எழுதியிருக்குதே."

"நீ எங்க மூஞ்சியைப் பாத்த?"

"பொட்டி மேல படம் போட்டுருக்குதே, அதுல."

குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரி ஏதோ சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். அப்போதுதான் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. பந்தயம்! அடுத்த வெள்ளிக்கிழமை சொன்னேன்: முதல் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுக் கொலைகாரன் யாரென்று அவள் சொல்லவேண்டும். சரியாக இருந்தால் ஒரு வாரம் பாத்திரம் நான் தேய்ப்பேன். தப்பாக இருந்தால் வாரா வாரம் என்னோடு உட்கார்ந்து முழுப் படமும் பார்க்கவேண்டும்.

ஜெயக்கொடி கொஞ்சம் யோசித்தாள். "குக்கரும் சேத்தியா?"

"சேத்தி."

"அடிப்பிடிச்ச பால் சட்டி?"

"அதுவும்."

"சரி."

முதல் வாரம், டாக்டர் என்றாள். டாக்டர்தான். இரண்டாம் வாரம் தோட்டக்காரன் என்றாள். தோட்டக்காரன்தான். மூன்றாம் வாரம், "அவன் தம்பிக்காரன்" என்றாள்.

"தம்பி செத்துட்டாண்டி! ஆரம்பத்துலயே பொதைச்சிட்டாங்க!"

"பொதைச்சதை நீங்க பாத்தீங்களா? பொட்டியைத்தானே பொதைச்சாங்க."

தம்பிதான்.

மச்சம் எண்ணப் பழகிய கண் எனக்கு. இப்போது குக்கர் மூடியில் என் மூஞ்சியில் இருக்கும் மச்சத்தையே எண்ணுகிற அளவுக்குத் தேய்த்தேன். சபதத்துக்குக் கொடுத்த மாசமும் முடிந்துபோனது. வெள்ளிக்கிழமை, ஏழு மணி, விளக்கு அணைப்பு, நான், ரிமோட். சமையலறையிலிருந்து ஒரு சத்தமும் வராது. பாத்திரச் சத்தம்கூட இல்லை, அது என் டூட்டியாகிவிட்டதே.

அதற்கடுத்த புதன்கிழமை கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். மூணும் எட்டும் ஒன்றாகத் தெரிந்தது. இரண்டரை மணிக்குப் பர்மிஷன் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் பதினோரு ஜோடி செருப்பு.

பகலில் ஒரு வீட்டு வாசலில் அத்தனை செருப்பு கிடந்தால் உள்ளே என்ன நடந்திருக்கும்? ஜெயக்கொடிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கால் பின்னிக்கொள்ள ஓடினேன். படியில் கால் வைக்கும்போது உள்ளேயிருந்து குபீரென்று சிரிப்புச் சத்தம்.

துக்க வீட்டில் யாரும் அப்படிச் சிரிக்கமாட்டார்கள். சுற்றிக்கொண்டு துவைக்கிற கல் பக்கம் போய், ஜன்னல் திரையில் இருந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

ஹால் நிறையப் பெண்கள். என் நாற்காலியில் எதிர்வீட்டுப் பவுனம்மாள், காலை மடித்துப் போட்டுக்கொண்டு. பக்கத்து வீட்டு ரஞ்சனி முறுக்கு டின்னோடு. அவள் ஓமப்பொடியும் முறுக்கும் போட்டு பாக்கெட் கட்டிக் கடைகளுக்குக் கொடுப்பவள். டிவியில் படம் நின்றிருந்தது. டிவி பக்கத்தில் கையில் ரிமோட்டோடு ஜெயக்கொடி நின்றிருந்தாள். முட்டி வலிக்காரி. நின்றுகொண்டு.

"இவன் யாருன்னா, மூத்த தாரத்துப் பையன். நம்ம ராஜகிரிக் கோட்டை கணக்கா ஒரு பங்களா இருக்குதே, அதுல இவனுக்கு ஒரு பாகம் வேணுமாம்."

"அந்தக் கெழவன் குடுக்க மாட்டானா?" என்றாள் பவுனம்மாள்.

"குடுக்கிற மூஞ்சியா அது? மழைக்கு ஒதுங்கினவனுக்கே கதவைத் தொறக்கல."

மறுபடியும் சிரிப்பு. படம் இங்கிலீஷ் படம். ஜெயக்கொடி பாதியைப் புரிந்துகொண்டு மீதிப் பாதியை அவளே கட்டிச் சொன்னாள். அவள் கட்டின பாதி படத்தைவிட நன்றாக இருந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அந்தப் பெண்கள்மேல் பொறாமைதான் வந்தது. என்னோடு அவள் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுகிறாள்? 'சாப்டீங்களா', 'கேஸ் வந்துச்சி', 'பிரசாந்த் போன் பண்ணான், நல்லா இருக்கானாம்.' அவ்வளவுதான். அவளுக்குள் இத்தனை பேச்சு இருந்தது எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம்.

நான் உள்ளே போகவில்லை. வெயிலில் அந்தக் கல் பக்கத்திலேயே நின்றேன். நடுவில் கொஞ்ச நேரம் உள்ளே ஏதோ கசமுசா என்று கேட்டது. பிறகு ஜெயக்கொடி முன்னைவிடச் சத்தமாகக் கதை சொன்னாள். எனக்கு வசதியாகப் போயிற்று. ஒன்றரை மணி நேரம் நின்றே முழுக் கதையும் கேட்டேன். முடிந்ததும் டிஸ்க்கை அவள் ஓரத்தில் மட்டும் இரண்டு விரலால் பிடித்து, பூவை எடுக்கிற மாதிரி எடுத்தாள். பெட்டியில் வைத்தாள். ரஞ்சனி அதைப் புது பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, முறுக்கு பாக்கெட் ஒட்டுகிற மிஷினில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். ஓம வாசனை எந்த வெளிநாட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன்.

கண்ணாடியை எடுக்காமலே ஆபீசுக்குத் திரும்பினேன். தொண்டூர்க்காரர் மூட்டைக்கு அவலூர்பேட்டைக்காரர் நம்பரைப் போட்டேன். சிவசங்கர் திருத்தினான்.

மறுநாளே அடுத்த திட்டம் தயார். சென்னைக் கடைக்காரருக்கு போன் போட்டு, அடுத்த டிஸ்க்கை ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பச் சொன்னேன். முன்கூட்டியே பார்க்காத படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பாள்? அந்த வெள்ளிக்கிழமை பந்தயத்தைச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பையிலிருந்து பெட்டியை எடுத்தேன்.

"இது எப்ப வந்துச்சி?" என்றாள்.

"ஆபீசுக்கு வந்துச்சி."

என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்று பார்த்தாள்.

"சொல்லு, யாரு?"

"தெரியல."

"இன்னா?"

"தெரியலங்க. தோத்துட்டேன்."

ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குச் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை உச்சியில் ஏறிக் கத்தவேண்டும்போல இருந்தது. ஜெயித்தேன்! நேராக உட்கார்ந்தேன். அவளும் நேராக உட்கார்ந்தாள். படம் ஓடியது. அவள் வாயைத் திறக்கவில்லை. அரைமணி நேரம் போனது. ரிமோட்டோடு உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

"ஏதாவது கதை சொல்லேன்" என்றேன்.

"ஏன், உங்களுக்குப் புரியலையா?"

"புரியுது. நீ சொன்னா நல்லா இருக்கும்."

"நான் கதை சொல்லுவேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

மாட்டிக்கொண்டேன். டிவியில் யாரோ யாரையோ சுட்டார்கள். எனக்குப் பட்ட மாதிரி இருந்தது.

"பவுனம்மா உங்களைப் பாத்துட்டாங்க" என்றாள் ஜெயக்கொடி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "திருடன்னு நெனச்சி இடிக்கிற உலக்கையைத் தூக்கினாங்க. நாந்தான், எங்க வூட்டுக்காரரு, நிக்கட்டும்னேன். அப்புறந்தான் சத்தமா சொன்னேன். உங்களுக்குக் காதுல வுழணுமே."

"உள்ள கூப்ட்டுருக்கலாமே."

"நீங்க கதவைத் தட்டியிருக்கலாமே."

நான் ரிமோட்டை எடுத்து டிவிச் சத்தத்தைக் குறைத்தேன்.

"மொதமொத ஏன் பிரிச்ச?" என்றேன்.

"ஏன் பிரிச்சேனா? கூரியர்காரன் தெருவுல நின்னு, 'ப்ளூ டிஸ்க் வந்துருக்கு'ன்னு கத்தறான். நீங்க வெள்ளிக்கிழமை ஆனா வெளக்கை அணைச்சிட்டுத் தனியா உக்காந்து பாக்கறீங்க. தெருவே என்னைப் பாவமா பாத்துது. பவுனம்மா சாட்சிக்கு வந்தாங்க. ரஞ்சனி மிஷினோட வந்தா. கண்ணை மூடினு பட்டனை அமுக்கினேன். பாத்தா, ஒரு போலீஸ்காரன் குளிர்ல கழுத்துவரைக்கும் கோட்டு போட்டுனு நடக்கறான். ரெண்டு மணி நேரமும் ஒருத்தரும் ஒரு பட்டனைக்கூடக் கழட்டல. பவுனம்மாவுக்கே கொஞ்சம் வருத்தம்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்த ஹாலில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"வர்ற புதன்கிழமை லீவு போடுங்க" என்றாள். "வெயில்ல நிக்க வேணாம். உள்ளயே வாங்க."

என் வெள்ளிக்கிழமைக் கொள்கையை அந்த இடத்திலேயே கைவிட்டேன். டிஸ்க்கை மறுபடியும் வீட்டு விலாசத்துக்கே அனுப்பச் சொன்னேன். புதன்கிழமை லீவு போட்டேன். ஷேவ் செய்து, தேய்த்த சட்டை போட்டு, கல்யாண வீட்டுக்காரன் மாதிரி வாசலில் நின்று வாங்க வாங்க என்று எல்லோரையும் கூப்பிட்டேன். பதினோரு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். நானும் உட்கார இடம் தேடினேன்.

ஜெயக்கொடி என் காதருகே வந்தாள்.

"இன்னாங்க, எல்லாருக்கும் ஒரு வாய் டீ போட்டுடுங்களேன். நான் கதை சொல்லணும்ல."

எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து பார்த்தால் டிவி தெரியாது. சுவர் தெரியும். பால் பொங்கக் காத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்து நின்றேன். ஹாலில் படம் ஆரம்பித்தது. ஜெயக்கொடியின் குரல் கேட்டது. என்னமோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். டப்பென்று ஒரு துப்பாக்கிச் சத்தம். ஒரே கூச்சல்.

என்னால் பொறுக்க முடியவில்லை. வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே கழுத்தை நீட்டி, "யாரு, யாரு செத்தது?" என்று கத்தினேன்.

ஹாலிலிருந்து பவுனம்மாளின் குரல் வந்தது.

"எப்பா பாண்டுரங்கா, கம்னு டீ போடு. கதை காதுல வுழல."