சிப்பாய்க்கு ஒரு ஃபுல் டிக்கெட்

சித்தூரில் என்னை நிம்மதியாகத் தும்மவிடாத ஒரே மனிதர் பீங்கான் கம்பவுண்டர்தான்.

மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கி ஓய்வு பெற்றவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் அவருடைய அலமாரி. அதில் ஐந்து பீங்கான் பொம்மைகள். இத்தாலி நாடகத்துக் கோமாளிகளை இருநூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் செய்தார்களாம். ஊர் திரும்பிய ஜெர்மன் டாக்டரம்மா கொடுத்தது முதல் பொம்மை. மற்ற நான்கையும் பழைய சாமான் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்தார். கறுப்பு முகமூடியும் கட்டம்போட்ட சட்டையுமாக ஆர்லெக்கினோ, கொக்கிமூக்குக் கிழவன், புளுகு டாக்டர், மீசைச் சிப்பாய், இடுப்பில் கைவைத்த வேலைக்காரி.

“நம்ம தெருக்கூத்துக் கட்டியக்காரன்தானே இவன்?” என்று ஆர்லெக்கினோவைக் காட்டித் தெரியாமல் கேட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க என்னோடு பேச்சில்லை. நான் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

தெருவில் லாரி வந்தால் ஓடிப்போய் அலமாரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். நான் தும்மினாலும் கதவைச் சாத்தினாலும் சுவரைத் தட்டுவார்.

“மெதுவா சார்! கெழவனுக்கு மூக்கு ஒண்ணுதான் கீது!”

“எனக்கும் ஒண்ணுதான்யா!”

திருப்பதியில் சிப்பாயை வாங்கிய அன்று துணைக்குப் போய்த் தொலைத்தேன். திரும்பும் பஸ்ஸில் திருமலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகள், எண்ணினேன், முப்பத்தொன்று. காலியாகக் கிடைத்தவை இரண்டே சீட். ஒன்றில் அவர், மற்றதில் சிப்பாய். கண்டக்டர் வாயைப் பிளந்தார்.

“பொம்மக்கி டிக்கெட்டா சாமி?”

“அவுனு. ஃபுல் டிக்கெட்!”

சித்தூர் வரை சிப்பாய் உட்கார்ந்து வந்தான். நான் நின்றுகொண்டு வந்தேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்குச் சர்ச் குடிலில் வைக்கும் மூன்று ராஜாக்களில் கறுப்பு ராஜா உடைந்துபோனார். போதகர் கேட்டதும், பெருமையில் கம்பவுண்டர் ஆர்லெக்கினோவைக் கொடுத்துவிட்டார். முகம் கறுப்பு, சட்டை பளபளப்பு, போதாதா? அப்புறம் மேளம் அதிர்ந்த ஒவ்வொரு பாட்டுக்கும் குடில் மேஜையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். “இன்னா பக்தி பாரு” என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவராக விமானம் ஏறிய காலம் அது. அவருடைய ஒரே மகன் போய்ச் சேர்ந்த இடமும் ஜெர்மனிதான். மனைவியை இழந்து தனியாக இருந்த அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, கடைசியில் நேரிலேயே வந்து நின்றான்.

“இவ்ளோ பழசை ஏர்போர்ட்டுல விடமாட்டாங்க நைனா. அங்க உனக்குப் பேத்தி பொறந்துக்கீறா. அவளா, இந்த பொம்மைங்களா? நீயே சொல்லு.”

மறுநாள் காலை கம்பவுண்டர் ஐந்தையும் பஞ்சில் சுற்றி என் வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

“என்கிட்டயா? நான் கதவை அடிச்சுச் சாத்துறவனாச்சே!”

“இத்தினி வருஷமா திட்டித் திட்டி உங்களைத்தானே சார் பழக்கி வெச்சிக்கீறேன்? இன்னொரு ஆளுக்கு மொதல்லேர்ந்து சொல்லிக்கினு இருக்க முடியுமா?”

இப்போது லாரி வந்தால் ஓடுகிறவன் நான். ஞாயிறுதோறும் ஜெர்மனியிலிருந்து போன் செய்து ஐந்து பேரையும் விசாரிக்கிறார், என்னைப் பற்றிக் கேட்பதில்லை. “எல்லாரும் சௌக்கியம்” என்று முடித்துவிடலாம். நான் மூக்கு, மீசை, விரல் என்று ஒவ்வொன்றாக எண்ணித்தான் சொல்கிறேன். சீக்கிரம் சொல்லிவிட்டால் அவர் போனை வைத்துவிடுவாரே.