அறுபத்தொன்றாம் நாள் ராகு காலம்

படித்தவர்கள் ராகு காலம் பார்ப்பதில்லை என்பார்கள். சுத்தப் பொய். நான் வக்கீலுக்குப் படித்தவள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் புது ஊசியில் நூல்கூடக் கோக்க மாட்டேன். (இப்போது கோப்பேன். ஏன் என்று கேளுங்கள்.)

கறுப்புக் கோட்டு போட்ட முதல் வருஷம். எனக்கு வாய்த்த முதல் கட்சிக்காரரே என் சொந்த அண்ணன்தான். கீரமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் வாய்க்கால் தகராறு. எதிராளிக்குக் கை முறிந்தது, அண்ணன் உள்ளே போனார். இரண்டு முறை ஜாமீன் கேட்டேன். இரண்டும் தள்ளுபடி. (நான் வாதாடிய அழகு அப்படி.)

ஆனால் சட்டத்தில் இன்னொரு வாசல் உண்டு. அந்த மாதிரி வழக்கில் அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் உள்ளே இருப்பவரின் உரிமை. நீதிபதியே நினைத்தாலும் மறுக்க முடியாது. ஒன்றே ஒன்று, குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால் நாம் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.

காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தேன். அவசரம் எனக்கும்தான். அறுபது நாள் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எந்த ஊரில் காது குத்துகிறார்கள்? பத்திரிகையில் அண்ணன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு ஊரெல்லாம் கொடுத்தாயிற்று.

அறுபத்தொன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பத்தேகாலுக்கே புதுக்கோட்டை கோர்ட்டில் மனுவோடு நின்றேன். குற்றப்பத்திரிகை வரவில்லை. பத்தரைக்கு கவுன்ட்டர் திறந்தது. கூடவே ராகு காலமும் பிறந்தது.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"ரெண்டு மனு ஊத்திக்கிட்டது பத்தாதா? அறுவது நாளு இருந்த புள்ள ஒன்ற மணி நேரம் இருக்க மாட்டானா? பன்னெண்டு அடிச்சதும் குடு."

எனக்கும் அதே எண்ணம்தான், பழி மட்டும் அம்மாவுக்கு. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து லெமன் ஜூஸ் குடித்தேன். பதினொன்றரைக்கு ஸ்டேஷன் ஏட்டு ஒரு கட்டுக் காகிதத்தோடு என்னைத் தாண்டிப் போனார். நான் வணக்கம் வேறு வைத்தேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு மனுவை நீட்டினால், "குற்றப்பத்திரிகை இப்பத்தான் வந்துச்சு மேடம்" என்றார் கிளார்க். ஓடிப்போய் வாசலில் ஏட்டைப் பிடித்தேன்.

"ஏங்க, ராகு காலத்துல போயா தாக்கல் பண்ணுவீங்க?"

"நல்ல காரியத்துக்குத்தானேங்க அதெல்லாம் பாக்கணும்? குற்றப்பத்திரிகைக்கு எதுக்குங்க?"

அந்த மனுஷன் சொன்னதில் என்ன தப்பு? மறுநாள் சிறையில் அண்ணனைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். வெட்கம், குற்ற உணர்ச்சி, எல்லாம் சேர்ந்த அழுகை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஏத்தா, உள்ள கெடக்குறவனுக்கு வெளிய வர்ற நேரம் எல்லாமே நல்ல நேரந்தான். இதுகூடவா ஒனக்குத் தெரியல?"

என் சீனியர் வந்து வாதாடி ஜாமீன் வாங்க மேற்கொண்டு பதினெட்டு நாள் ஆனது. காது குத்தைத் தள்ளிவைத்தோம். விருந்துக்கு வாங்கிய இரண்டு கிடாய்களும் அதுவரை தழை தின்று கொழுத்தன. என் திறமையால் ஜாமீன் கிடைத்தது அவற்றுக்கு மட்டும்தான்.

ஒருவழியாகக் காது குத்து நடந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும், பழக்க தோஷம், "மணி என்ன?" என்று கேட்டுத் தொலைத்தேன். மடியில் பிள்ளையை வைத்திருந்த அண்ணன் போட்டார் ஒரு சத்தம்:

"குத்துங்க ஆசாரி! இவ நேரம் பாத்து முடிக்கிறதுக்குள்ள ஏட்டு வந்துருவாரு!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஆசாரியின் கை ஆடிவிட்டது.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு முதல் ஆளாக மனுவை நீட்டுகிறேன். மகள் எட்டாவது படிக்கிறாள். ஜிமிக்கி போட்டால் வலது காதில் ஒரு நெல் அளவு மேலே தொங்கும். யாராவது "என்னடி, ஒண்ணு ஏறியிருக்கு?" என்று கேட்டால் அவளிடம் பதில் தயார்.

"அதுவா? எங்கம்மா ஒன்ற மணி நேரம் லேட்டாக் குடுத்த மனு."