மாமாவுக்கு ஒரே மருமகள்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கு அப்பா, அம்மா, நான் ஆகிய மூன்று பேரும் நலம். மூன்று பேர்தான் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கீழே வருகிறது. உங்கள் உடம்பையும் அத்தையின் முழங்காலையும் விசாரித்ததாக அம்மா எழுதச் சொன்னாள்.

போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போன் என்றால் எனக்கு வாய் வராது, உங்களுக்குக் காது கேட்காது. கேட்காதபோதெல்லாம் நீங்கள் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று சொல்லிவிடுவீர்கள். அதனால் உங்கள் பக்கம் பஸ் ஓட்டும் எதிர்வீட்டு அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். மாணவர் விசாவுக்குக் கம்ப்யூட்டரில்தான் விண்ணப்பிக்க வேண்டும். செலவுக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டேன். போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பினார்கள், காதைக் காட்டினேன். படம் பெரிது என்றார்கள், சுருக்கினேன். சுருக்கியதில் முகம் தெரியவில்லை என்றார்கள், மறுபடி எடுத்தேன். 'உங்களைப் பற்றி' என்ற கட்டத்தில் "நான் பட்டதாரி. அமைதியானவள்" என்று எழுதி, அதற்குமேல் ஒன்றும் தோன்றாமல் அனுப்பிவிட்டு, கடைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா அரத்தால் ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதான் போட்டியா?"

"ஒண்ணுதாம்பா போடணும்."

"ஒரு பூட்டுக்கு ஒரே சாவியை எவனாவது வெச்சிருப்பானா? தொலைஞ்சா என்ன பண்ணுவே?"

நான் வழக்கம்போலப் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணனை உட்கார வைத்து, என் பெயரில் டூப்ளிகேட் ஒன்று போட்டுவிட்டார்.

டூப்ளிகேட் என்றால் பல்லுக்குப் பல் அப்படியே இருக்க வேண்டும். அதுதான் அப்பாவின் தொழில். ஆனால் இதில் கை பிசகிவிட்டது. நான் என் பெயருக்குப் பின்னால் போட்ட அப்பா பெயர் அதில் முன்னால் நிற்கிறது. பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் வேறு. 'உங்களைப் பற்றி' கட்டத்தில், "எங்க பொண்ணு எதுக்கும் பயப்பட மாட்டா. நாலு பேர் முன்னாடி நிறுத்துங்க, பேசிக் கிழிச்சிடுவா" என்று அப்பா சொல்லச் சொல்ல, அண்ணன் மொழிபெயர்த்து அடித்திருக்கிறார். 'படிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவீர்களா' என்ற கேள்விக்கு நான் "விதிப்படி திரும்புவேன்" என்று எழுதியிருந்தேன். அப்பா, "வராம எங்க போவா?" என்று அவர்களையே திருப்பிக் கேட்டிருக்கிறார். படித்துப் பார்த்தேன் மாமா. ஒருத்தியைத்தான் அனுப்பலாம் என்றால் நானே அவளைத்தான் அனுப்புவேன்.

போன வாரம் விசா அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே பிறந்த நாள், இரண்டு பெண்கள்; இரட்டையரா என்று கேட்டிருந்தார்கள். இருப்பது நான் ஒருத்திதான் என்று பதில் போட்டேன். இதை எழுதுவது இருவரில் யார் என்று கேட்டு மறுபடி மெயில் வந்தது. இனிப் பொறுப்பாளரிடமே போனில் கேட்டுக்கொள்வார்களாம். குழப்பம் தீராவிட்டால் இரண்டும் தள்ளுபடி, கல்லூரி இடமும் போய்விடும். "பாத்தியா, ரெண்டு போட்டதாலதான் திரும்பிப் பாத்திருக்காங்க" என்கிறார் அப்பா. நான் போவதைப் பற்றி அம்மா இதுவரை ஒன்றுமே சொன்னதில்லை. என் பெட்டியை இறக்கித் துடைத்து, மறுபடி பரண்மேல் ஏற்றிவிடுகிறாள், அவ்வளவுதான்.

ஆகவே, போன் வந்தால் காது மெஷினை மாட்டிக்கொண்டு, "எனக்கு ஒரே மருமகள், பேசாத மருமகள்" என்று மட்டும் சொல்லுங்கள். எனக்குப் போக வேண்டும் மாமா. இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் காதும் அத்தையின் காலும் நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மருமகள்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அத்தை போன் செய்தார். விசா அலுவலகத்தார் காலையிலேயே உங்களைக் கூப்பிட்டுவிட்டார்களாம். நீங்களும், "ஆமாங்க, ஆமாங்க, ரெண்டும் எங்க புள்ளைங்கதான், ரெண்டுக்கும் நான்தான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டீர்களாம். எனவே மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். அப்பா சந்தோஷமாகக் கடைக்குக் கிளம்பிவிட்டார். அம்மாதான் முதல்முறையாக வாயைத் திறந்தாள்: "ரெண்டு பேருன்னு ஆயிடுச்சில்ல? அந்தப் பேசுறவ போயிட்டு வரட்டும். பேசாதவ இங்கயே இருக்கட்டும்."