பூஜ்யத்துக்குப் போட்ட பூஜ்யம்

தப்பை ஒப்புக்கொள்ளாமலே தப்பைத் திருத்திவிடுவது என்று கணக்கு வாத்தியார் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தீர்மானித்தார். இருபத்தாறு வருஷமாகக் கரும்பலகை முன்னால் நின்றவர். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் அவருடைய வகுப்பிலேயே படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் 'சார்', வீட்டில் 'அப்பா'. பதினோரு நாளைக்கு முன்னால், ஒரு சின்னப் பரீட்சையில் சுருக்கச் சொல்லி ஒரு கணக்குக் கொடுத்திருந்தார்: √−4 × √−9 + 2 × 3. வகுப்பில் நாற்பது பேர் அவர் சொல்லிக்கொடுத்த வழியில் போய்ப் பன்னிரண்டு என்று எழுதினார்கள். மகள் மட்டும் பூஜ்யம் என்று எழுதினாள். அந்தப் பூஜ்யத்துக்கு அவர் ஒரு பூஜ்யம் போட்டார். போட்டதோடு விட்டாரா? விடைத்தாளைத் தூக்கிப் பிடித்து, "வீட்டுல கணக்கு வாத்தியாரையே வச்சுக்கிட்டு இந்த லட்சணம்!" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு நின்றது பேச்சு. சாரும் இல்லை, அப்பாவும் இல்லை. தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள்.

மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். மகள் எழுதியதுதான் சரி. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மைனஸ் எண்ணுக்கு வர்க்கமூலம் என்றாலே கற்பனை எண். இல்லாத ஒரு எண்ணுக்காக இருக்கிற ஒரே மகளைத் தொலைத்துவிட்டோமே என்று மனுஷன் உள்ளுக்குள் மருகினார். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் ரொம்பச் சுலபம். மகளுடைய பையிலிருந்து விடைத்தாளை எடுத்து, சிவப்பு மையால் பூஜ்யத்தை அடித்து ஐந்து மார்க் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவது. அவளே பார்ப்பாள், 'அப்பா' என்பாள். கதை முடிந்தது.

பையைக் குடைந்தார். விடைத்தாள் இல்லை.

"என்ன தேடுறீங்க?" முன்னறையிலிருந்து மனைவி கேட்டாள். பள்ளிச் சீருடை தைப்பவள். கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரி.

"சிவப்புப் பேனா."

"உங்க சட்டைப் பையில இருக்கே."

"இது வேற சிவப்பு."

சொல்லிக்கொண்டே தையல் மேஜையைப் பார்த்தவருக்குப் பகீர் என்றது. மகளுடைய விடைத்தாள் மேஜைமேல் கிடந்தது. அதன்மேல் சாக்குக்கட்டியால் காலர் வரைந்திருந்தது.

"அது என்ன தாள்?"

"காலருக்கு அளவு வெட்டப் போறேன். பூஜ்யம் வாங்கின பேப்பர்தானே, வச்சிருந்து என்ன ஆகப் போகுது?"

"வெட்டாதே!"

"ஏங்க?"

"கையெழுத்து... அழகா இருக்கு."

"அழகைப் பாத்தா காலர் வருமா?" கத்தரி ஓரத்தில் ஒரு அங்குலம் நுழைந்தது.

"ஐயோ, விடு! அவ போட்டதுதான் சரி. நான்தான் தப்பு!"

மனைவி கத்தரியைக் கீழே வைத்தாள். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"மூலத்துக்குள்ள மைனஸ் இருந்தா, முதல்ல ரெண்டுலயிருந்தும் 'ஐ'ங்கிற கற்பனை எண்ணை வெளிய எடுக்கணும். அப்புறம்தான் பெருக்கணும். அப்பதான் மைனஸ் ஆறு வரும். அதோட ஆறைக் கூட்டினா பூஜ்யம். நான் எடுக்காம, உள்ளேயே வச்சுப் பெருக்கிட்டேன்."

"துணியை நனைக்காமலே வெட்டிட்டீங்க."

"ஆமா."

"அப்புறம் சுருங்கத்தானே செய்யும்?"

சுருங்கித்தான் நின்றார். அப்போது, அளவு பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டியிருந்த திரை விலகியது. பாதி தைத்த சட்டையோடு, தோளில் குண்டூசிகளோடு மகள் வெளியே வந்தாள். பதினோரு நாளில் முதல் பேச்சு:

"முதல்ல மன்னிப்பு, அப்புறம்தான் மார்க். வரிசை மாறக் கூடாது, சார்."

வீட்டுக்குள் 'சார்'! அந்த ஒரு சொல் அவரை உலுக்கிவிட்டது.

"இப்பவே கேட்டுடறேம்மா."

"சிரிச்சவங்க இங்க இல்லையே."

திங்கட்கிழமை கரும்பலகை முன்னால் நின்று சொன்னார். கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டிவிட்டு, மகளைப் பெயர் சொல்லி அழைத்து மன்னிப்புக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை போலிருந்தது. பன்னிரண்டு எழுதின யாருக்கும் மார்க்கைக் குறைக்கவில்லை. அந்தப் பன்னிரண்டும் அவர் சொல்லிக்கொடுத்ததுதானே?

சாயங்காலம் மகள் தண்ணீர் கொண்டுவந்து, "இந்தாங்கப்பா" என்றாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கொஞ்சம் நெஞ்சும் நிமிர்ந்தது.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். "யாருக்கும் தெரியாத தப்பு. நானா கண்டுபிடிச்சு, நானா சொன்னேன்."

மனைவி ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள்:

"போன வாரம் ஞாயித்துக்கிழமை மத்தியானமே, 'பூஜ்யம்தான் சரி, பூஜ்யம்தான் சரி'ன்னு தூக்கத்துல அஞ்சு தடவை சொல்லிட்டீங்க. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான் இருந்தோம். முழிச்சுக்கிட்டு எப்பச் சொல்லுவீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தோம்."