வங்கி வாசலில் சும்மா நின்ற அணில்

ஒரு காட்டில் மூன்று குட்டிகளோடு ஓர் அணில் இருந்தது. யாரோ ஒருத்தியின் கதை மாதிரி சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. அந்த அணில் நான்தான்.

எங்கள் காட்டில் பெருச்சாளி அண்ணன் ஒரு மரப்பொந்தில் வங்கி வைத்திருந்தார். மழைக்காலத்துக்கென்று எல்லாரும் அதில் கொட்டை போட்டுவைப்போம். பாதியை அவர் முயல்களுக்குக் கடன் கொடுத்திருப்பார். எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால் தர முடியாது. அப்படி யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

ஒருநாள் மேகம் கறுத்தது. குட்டிகளுக்குக் கொஞ்சம் எடுத்து வரலாம் என்று போனேன். எடுக்க வேண்டுமானால் படிவம் நிரப்ப வேண்டும். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? கேட்க வெட்கம். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மைனா அக்கா வந்தது.

"என்னடி, காலையிலேர்ந்து இங்கேயே நிக்கிறே?"

"சும்மாதான்க்கா."

"வங்கி வாசல்ல யாராச்சும் சும்மா நிப்பாங்களா? கொட்டை இல்லைன்னுட்டாரா?"

கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான், அக்கா பறந்துவிட்டது.

அரைமணி நேரத்தில் காடே என் பின்னால் நின்றது. பின்னால் என்றா சொன்னேன்? "தள்ளிக்கோம்மா" என்று குரங்கு முன்னால் போனது. "எனக்குக் கால் வலி" என்று ஆமை போனது. ஆமையே என்னை முந்திவிட்டது! வரிசையை ஆரம்பித்தவள் வரிசையின் கடைசியில் நின்றேன். கண் முன்னாலேயே பொந்து காலியாகிக்கொண்டு வந்தது. மழைக்கு என் குட்டிகள் எதைத் தின்னும்?

அப்போது யானை அண்ணன் வந்து பொந்துக்குக் குறுக்கே உட்கார்ந்தார்.

"பொந்தே சரிஞ்சாலும் தலைக்கு நூறு கொட்டை நான் தர்றேன். போதுமா?"

அவ்வளவு பெரிய உடம்பு சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? குரங்கு எடுத்ததைத் திரும்பப் போட்டது. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். எல்லாருக்கும் வழிவிட்டு வழிவிட்டு நான் மட்டும் மிஞ்சினேன்.

"நல்லவேளைண்ணே," என்றார் பெருச்சாளி. "உங்க கொட்டையும் மொத்தமா இந்தப் பொந்துலதானே கிடக்கு!"

"உஸ்... அதை ஏன்யா சத்தமா சொல்றே?"

இருவரும் திரும்பினார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னம்மா, எடுக்கணுமா?" என்றார் யானை அண்ணன்.

அண்ணனிடம் தனியாகக் கொட்டையே இல்லை என்று கத்தியிருக்கலாம். கத்தினால் மறுபடி வரிசை. வரிசை என்றால் மறுபடி நான்தான் கடைசி. பேசாமல் என்னுடையதை மட்டும் எடுக்கலாம் என்றால், மனுஷர் இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறார், முகத்துக்கு நேராக எப்படி எடுப்பது? படிவம் வேறு இருக்கிறது.

"இல்லண்ணே, போடத்தான் வந்தேன்" என்று வாயில் அடக்கியிருந்த ஒரே கொட்டையையும் எடுத்து நீட்டினேன். போடுவதற்குப் படிவம் கிடையாது.

மழை வந்தது. முயல்கள் கடனைத் திருப்பின. மைனா அக்கா படிவம் நிரப்பிக் கொடுத்தது. குட்டிகள் வயிறு நிறையத் தின்றன. யானை அண்ணனிடம் ஒரு கொட்டைகூட யாரும் கேட்கவில்லை. பொந்துக்கு மேலே இப்போது அவர் படம் மாட்டியிருக்கிறது.

நீதி: வங்கி சாயாமல் நிற்க ஒரு யானை வேண்டும், "எங்கே, கொட்டையைக் காட்டுங்க" என்று அந்த யானையிடம் கேட்க வெட்கப்படும் ஓர் அணிலும் வேண்டும்.